அம்மா ஏன் கூடுதலாக ஒன்றும் கேட்பதில்லை?

எலும்பு மூட்டுப் பிரிவின் புறநோயாளிகள் கூடத்தில் சென்ற ஆண்டு நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறோம். உரியவரின் அனுமதி பெற்று, பெயரைத் தவிர்த்து எழுதுகிறோம்.

எழுபத்தொரு வயது அம்மையார் ஒருவர். கோயில் வாசலில் நாற்பது ஆண்டுகளாகப் பூக்கட்டி விற்பவர். இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். அவருடைய மகன் தடித்த ஃபைல் ஒன்றுடன் வந்திருந்தார். செயற்கை மூட்டுகளில் எத்தனை வகை, ஒவ்வொன்றின் விலை என்ன, எது எத்தனை ஆண்டு உழைக்கும், காப்பீடு எவ்வளவு தரும் என்று இணையத்திலிருந்து அச்செடுத்தும் கையால் எழுதியும் மூன்று மாதங்களாகச் சேர்த்த தாள்கள் அதில் இருந்தன. மருத்துவரிடம் ஏறத்தாழ இருபது நிமிடம் அவரே பேசினார். இறுதியில் மருத்துவர் அம்மையாரின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். "நீங்க பாத்துச் செய்யுங்க ஐயா, நான் என்னத்தக் கண்டேன்" என்று பதில் வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டது.

குறித்த நாளுக்கு முந்திய மாலை, காலுக்கான பயிற்சிகளைச் சொல்லிக் கொடுக்க எங்கள் இயன்முறை மருத்துவர் வார்டுக்குச் சென்றார். இளம்பெண், பேத்தியின் வயது. அவரிடம் அம்மையார் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, இதப் பண்ணுனா அப்புறம் நான் சம்மணம் போட்டு உக்காந்து பூக்கட்டலாம்ல?" முழு மூட்டு மாற்றுக்குப் பிறகு தரையில் சம்மணமிடுவதையும் குத்துக்காலிட்டு உட்காருவதையும் தவிர்க்குமாறு நாங்கள் பொதுவாகச் சொல்வது வழக்கம். இயன்முறை மருத்துவர் அதை மறைக்காமல் சொன்னார். "அப்ப வேண்டாம்" என்று அம்மையார் போர்வையை இழுத்துப் போர்த்திக் கொண்டார்.

மறுநாள் அறுவைச் சிகிச்சை நடைபெறவில்லை. மகனுக்கு எங்கள் மீதும் கோபம், தாயின் மீதும் கோபம். மூன்று மாதமாகக் கேட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருந்தினார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த ஃபைலை நாங்கள் பின்னர் புரட்டிப் பார்த்தபோது, தரையில் உட்கார முடியுமா என்ற செய்தி அதில் இருக்கவே செய்தது. ஒரு தாளின் பின்பக்கத்தில், பதினான்காவது குறிப்பாக. தாய்க்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரி மட்டுமே. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல மகனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

வயது முதிர முதிர மனிதர்கள் முடிவெடுக்கும் முன்பு எப்படித் தகவல் தேடுகிறார்கள் என்ற கேள்வியை நாங்கள் பொருட்படுத்திப் படிக்கத் தொடங்கியது அந்த நாளிலிருந்துதான்.

குறைவாகத் தேடுவது குறையா?

முதியோர் இளையோரைவிடக் குறைவாகத் தகவல் தேடுகிறார்கள் என்பது உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் செய்தி. கணினித் திரையில் பல பொருள்களின் விவரங்களை மூடி வைத்து, வேண்டியதை மட்டும் திறந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சோதனைகள் பல நடந்துள்ளன. இளையோர் பல கட்டங்களைத் திறந்து ஒப்பிடுகின்றனர். முதியோர் சிலவற்றைத் திறந்து, எளிய ஒரு வழியில் முடிவுக்கு வந்துவிடுகின்றனர்.

இதைக் கேட்டவுடன், "ஆக, வயதானால் முடிவெடுக்கும் திறன் போய்விடுகிறது" என்று எண்ணத் தோன்றும். அப்படி முடிவு கட்டுவது அவசரம். ரூய் மாட்டா, லுட்மிலா நூனெஸ் என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை வெளிவந்திருந்த இத்தகைய சோதனைகளைத் தொகுத்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதியோரின் தேடல் குறைவது உண்மை, ஆனால் அந்தக் குறைவு சிறியது. அதனால் முடிவின் தரத்தில் உண்டாகும் இழப்பும் சிறியதே என்பது அவர்கள் கண்டது. பொருள் வாங்குவது போன்ற தேர்வுகளில், முதல் சில செய்திகளிலேயே பெரும்பாலான பயன் கிடைத்துவிடுகிறது. பிறகு சேர்ப்பதெல்லாம் சிறு துளிகள்.

மருத்துவத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்ததாகக் கொண்டு எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று, பல வயதுப் பெண்களிடம் பானி மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய உடனாய்வாளர்களும் கேட்டு, 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். மூத்த பெண்கள் குறைவான தகவலையே நாடினர். விரைவாகவே முடிவு சொன்னார்கள். ஆனால் அவர்கள் வந்தடைந்த முடிவு, நெடுநேரம் ஆராய்ந்த இளைய பெண்களின் முடிவிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை.

காய்கறிச் சந்தையில் இதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். பேத்தி கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். பாட்டி காம்பை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கூடையில் போடுவார். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் 1940களில் மனித அறிவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். புதிய சிக்கலைப் புதிதாகப் பிரித்தாராயும் திறன் ஒன்று. அதைப் பாயும் அறிவு என்று சொல்லலாம். வாழ்நாளெல்லாம் சேர்ந்து நிற்கும் சொல்வளமும் அனுபவமும் மற்றொன்று. அது படிந்த அறிவு. முன்னது நடுவயதுக்கு முன்பே இறங்கத் தொடங்குகிறது. பின்னது அறுபதைத் தாண்டியும் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. பாட்டியின் கை காம்பைத் தொடும்போது வேலை செய்வது இரண்டாவது.

சிக்கல் எங்கே எழுகிறது என்றால், அனுபவம் இல்லாத இடத்தில். கத்தரிக்காயை ஐம்பது ஆண்டு வாங்கியவருக்குச் செயற்கை மூட்டை வாங்கிய பழக்கம் இல்லை. அங்கே பழைய குறுக்குவழி சில சமயம் சரியான இடத்தில் கொண்டு விடும். சில சமயம் விடாது.

நல்ல செய்தியின் பக்கம் சாயும் காது

அப்படி விடாமற்போன ஒருவரையும் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். உள்ளங்காலில் புண்ணோடு வந்தார். வலி இல்லை என்றார். சர்க்கரை நோயில் நரம்புகள் மரத்துப்போவதால் காலில் வலி தெரியாது. வலி இல்லாததே அங்கே அபாயம். உடனே உள்நோயாளியாகச் சேர வேண்டும், அழுகிய தசையை நீக்க வேண்டும், தாமதித்தால் விரலை எடுக்க நேரலாம் என்று சொன்னோம். "வீட்ல சொல்லிட்டு வர்றேன்" என்று போனவர் பதினெட்டு நாள் கழித்தே வந்தார். இடைப்பட்ட நாளில் அவர் விசாரித்தது ஒரே ஒருவரிடம், பழைய நண்பர் ஒருவரிடம். அந்த நண்பருக்கும் காலில் புண் வந்து, பச்சிலை வைத்துக் கட்டியதில் ஆறியிருந்தது. நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நண்பருக்குச் சர்க்கரை நோய் இல்லை. அதை நம் ஓட்டுநர் கேட்கவில்லை. இரண்டு விரல்களை இழந்தார்.

பூக்கட்டும் அம்மையாரும் ஓட்டுநரும் குறைவாகவே தேடினார்கள். அம்மையார் தம் வாழ்க்கைக்கு முதன்மையான ஒரு கேள்வியைத் தேர்ந்து கேட்டார். ஓட்டுநர் தமக்கு ஆறுதல் தரும் ஒரு பதிலைத் தேர்ந்து கொண்டார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஓட்டுநரின் போக்குக்கு அறிவியலில் விளக்கம் உண்டு. முன்னே இருக்கும் காலம் குறைவு என்று உணரும் மனிதர், அறிவைச் சேர்ப்பதைவிட மனநிறைவைக் காப்பதற்கு முதலிடம் தருகிறார் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா கார்ஸ்டென்சன் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார். அவரும் கொரின்னா லோக்கன்ஹாஃபும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர்களையும் மருத்துவத் திட்டங்களையும் பற்றிய நல்லவையும் கெட்டவையும் கலந்த விவரங்களை இளையோர்க்கும் முதியோர்க்கும் காட்டினர். முதியோர் நல்ல விவரங்களையே கூடுதலாகப் பார்த்தனர். அவற்றையே கூடுதலாக நினைவிலும் வைத்திருந்தனர்.

அந்த ஆய்வின் மற்றொரு பகுதியே எங்களுக்கு நம்பிக்கை தந்தது. "உண்மை விவரங்களில் கவனம் வையுங்கள்" என்று முன்கூட்டிச் சொன்னபோது, வயது வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது, கெட்ட செய்தியை ஏற்கும் ஆற்றல் முதியோரிடம் இல்லாமற்போகவில்லை. இயல்பாக அந்தப் பக்கம் மனம் போவதில்லை, அவ்வளவே. போகச் சொன்னால் போகிறது. நாங்கள் ஓட்டுநரிடம் அபாயத்தைச் சொன்னோம் என்பது உண்மை. "பெரியவரே, நாளைக்கே நீங்கள் யாரிடமாவது விசாரிப்பீர்கள், அவருக்குச் சர்க்கரை உண்டா என்று முதலில் கேளுங்கள்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன பயன் இருந்திருக்கும் என்று இன்றும் எங்கள் செவிலியர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாடுகளில் நடந்தவை. நம் ஊர்ப் பெரியவர்கள் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு வயது மட்டுமே காரணம் என்று நாங்கள் கருதவில்லை. மருத்துவரை எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் உண்டு. படிக்கத் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடும் என்ற கூச்சம் உண்டு. எல்லாவற்றையும்விட, செலவு. "எவ்வளவு ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வியாக நெஞ்சில் நிற்கும், மகனுக்கோ மகளுக்கோ பாரமாகிவிடுவோம் என்று அஞ்சி அதை விழுங்கும்போது மற்றக் கேள்விகளும் சேர்ந்தே உள்ளே போய்விடுகின்றன. இதை நாங்கள் வார்டில் பலமுறை பார்த்திருக்கிறோம்.

தேடுவது குறைந்தாலும், தேடாமலே வந்து சேரும் செய்தி இப்போது பெருகிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். காலையில் கைபேசியைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் நான்கு மருத்துவக் குறிப்புகள் காத்திருக்கின்றன. அவற்றில் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பது இராது. உறவினர் அனுப்பினார் என்பதே சான்றாகிவிடுகிறது. அதைப் பெரியவரிடம் ஏளனம் செய்து பயனில்லை. "இதை டாக்டரிடம் காட்டுவோமா?" என்று கேட்டு உடன் கொண்டு வாருங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

காதும் கண்ணும் காலைப் பொழுதும்

தகவல் தேடுவதற்கு முன்னால் அது காதில் விழ வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களில் 25 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எங்கள் புறநோயாளிகள் கூடத்தில் டோக்கன் எண்ணைக் கூவும் ஒலிபெருக்கி, ஓடும் மின்விசிறி, அழும் குழந்தை, பக்கத்து மேசையில் நடக்கும் பேச்சு ஆகிய அனைத்துக்கும் நடுவில் மருத்துவர் முகக்கவசத்தோடு பேசுகிறார். பாதி கேட்காத பெரியவர் தலையை ஆட்டுகிறார். ஒவ்வொரு முறையும் "என்ன?" என்று கேட்பது அவருக்கு வெட்கமாக இருக்கிறது. தலையாட்டுவது சம்மதம் என்று நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

கேட்டதும் நிற்பதில்லை. மருத்துவர் சொன்னவற்றில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்றும், நினைவில் நின்றதாகச் சொல்வதிலும் ஏறத்தாழப் பாதி தவறாக இருக்கிறது என்றும் நெதர்லாந்தைச் சேர்ந்த ராய் கெசல்ஸ் 2003இல் எழுதினார். இது எல்லா வயதினர்க்கும் பொருந்தும் கணக்கு. முதியோர்க்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்தும். எவ்வளவு அதிகமாகச் சொல்கிறோமோ அவ்வளவு அதிக விகிதத்தில் தவறிப்போகிறது என்பதையும் அவர் சுட்டிக்காட்டியிருந்தார். பத்துச் செய்திகளை ஒரே மூச்சில் சொல்லி முடித்துக் கடமை தீர்ந்ததாக நினைக்கும் எங்களைப் போன்றோர்க்கு இது சங்கடமான செய்தி.

பொழுதுக்கும் இதில் பங்கு உண்டு. முதியோரில் பெரும்பாலோர் காலையில் தெளிவாக இருப்பவர்கள். நினைவுச் சோதனைகளை வெவ்வேறு நேரங்களில் நடத்திப் பார்த்த சிந்தியா மே, லின் ஹாஷர் முதலியோர் 1993இலேயே இதைக் காட்டினர்: காலையில் முதியோர்க்கும் இளையோர்க்கும் இருந்த இடைவெளி சிறிது, மாலையில் அது விரிந்தது. அப்படியிருக்க, பெரியவரை மாலை ஐந்து மணிக்கு, பசியோடும் களைப்போடும், நீண்ட வரிசைக்குப் பிறகு உட்கார வைத்து ஒப்புதல் படிவத்தை நீட்டுவது எவ்வளவு பொருத்தம்? பெரிய முடிவுக்கான பேச்சைக் காலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வரவு செலவுக் கணக்கைத் துல்லியமாக வைத்திருந்தவர், எதையும் துருவிக் கேட்டவர், சில வாரங்களில் திடீரென்று எதையும் கேட்காமல் "எதுவானாலும் சரி" என்று ஆகிவிட்டால், அதை முதுமை என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு, செவிப்பறையை அடைக்கும் அழுக்கு, தைராய்டுக் குறைவு, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை, நினைவாற்றல் நோயின் தொடக்கம் ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டொரு நாளில் குழப்பம் தோன்றினால் நோய்த்தொற்றும் காரணமாகலாம். அதற்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஃபைல் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு

தாய்க்காகவும் தந்தைக்காகவும் தேடித் திரட்டும் பிள்ளைகளை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த ஃபைல் அன்பின் வடிவம். ஆனால் தேர்வுகளை முன்வைக்கும்போது எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரூ ரீட், ஜோசப் மைக்கெல்ஸ், காசலி சைமன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து, மருத்துவர், மருத்துவமனை போன்றவற்றில் எத்தனை தேர்வுகள் இருந்தால் நல்லது என்று கேட்டபோது, முதியோர் இளையோரைவிடத் தெளிவாகக் குறைவான எண்ணிக்கையையே விரும்பினர். ஆறு வகை மூட்டை அம்மாவின் முன் பரப்பாதீர்கள். இரண்டைச் சொல்லுங்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை மூன்றாவதாகச் சொல்லுங்கள். அந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

தேடுவதற்கு முன்பாகவே பெரியவரிடம், "இது முடிந்த பிறகு நீங்கள் என்ன செய்ய முடிய வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். பதில் மருத்துவ மொழியில் வராது. "ஆடி வெள்ளிக்கு மலை ஏறணும்" என்று வரும். "ராத்திரியில தனியா பாத்ரூம் போகணும், யாரையும் எழுப்பக் கூடாது" என்று வரும். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். எங்களுக்கு அந்த வாக்கியம் ஓர் எக்ஸ்ரே படத்துக்குச் சமம்.

மாத்திரைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மொத்தமாகக் கொண்டு வாருங்கள்; நாட்டு மருந்து, லேகியம், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கியது உட்பட. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஒன்று பட்டியலில் விடுபட்டால், அறுவைச் சிகிச்சை மேசையில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

இன்னொன்று, கையொப்பம். பல வீடுகளில் ஒப்புதல் படிவத்தில் மகன் கையெழுத்திடுவதே போதும் என்ற எண்ணம் இருக்கிறது. சுயநினைவும் புரிந்துகொள்ளும் ஆற்றலும் உள்ள ஒருவர் எந்த வயதினராயினும், சம்மதம் அவருடையதாகவே இருக்க வேண்டும். 2008இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தைப் பெற்று மேற்கொண்டு ஓர் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது பற்றிய வழக்கு அது. உயிருக்கு உடனடி அபாயம் இல்லாத நிலையில், தாயின் சம்மதம் அந்தப் பெண்ணின் சம்மதம் ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை, பயன், அபாயம், மாற்று வழிகள், செய்யாவிட்டால் வரும் விளைவு ஆகியவற்றை நோயாளி அறிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி வரும்?

அதே நேரத்தில், "எனக்கு விவரம் வேண்டாம், நீங்களே பாருங்கள்" என்று ஒரு பெரியவர் மனமறிந்து சொன்னால் அதுவும் அவருடைய தேர்வே. வற்புறுத்தி எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டுவது நல்லதன்று. காது கேட்காததாலும் கூச்சத்தாலும் செலவுக்கு அஞ்சியும் வரும் "நீங்களே பாருங்கள்" வேறு. யோசித்த பின் வரும் "நீங்களே பாருங்கள்" வேறு. இரண்டையும் பிரித்தறிய, தனியாக ஐந்து நிமிடம் அவரோடு உட்கார வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் சற்று வெளியே இருக்குமாறு நாங்கள் கேட்டால் தவறாக எண்ண வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத முடிவுகள்

இதுவரை எழுதியதை வைத்து, எல்லாவற்றுக்கும் நிதானமாகத் தேடி விசாரிக்கலாம் என்று யாரும் கொள்ளக் கூடாது. மூட்டு மாற்று, கண்புரை, வயிற்றுக்கு இடர் தராத குடலிறக்கம் போன்றவற்றில் வாரக்கணக்கில் யோசிக்கலாம். இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம். பக்கவாதத்தில் முடியாது. மூளையின் ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விசாரிக்க நேரமில்லை, 108ஐ அழைக்க வேண்டும். மாரடைப்பிலும் அப்படியே. பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், உடல்நிலை இடம் கொடுக்கும்வரை ஓரிரு நாளில் அறுவைச் சிகிச்சை செய்வதே நல்லது; படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் தொற்றையும் படுக்கைப் புண்ணையும் அருகே கொண்டு வருகிறது. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. மருத்துவர் ஒன்றைச் சொன்னதும், "இதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள். மற்றக் கேள்விகள் அதற்குப் பிறகு.

பூக்கட்டும் அம்மையாரின் கதை நின்ற இடத்திலிருந்து நகர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். அவர் நான்கு மாதம் தொடைத் தசைப் பயிற்சி செய்தார். எடையும் சிறிது குறைந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணக்கை இயன்முறை மருத்துவர் சொன்னபோது, "அப்ப நாலு பங்கு வட்டியா?" என்று சிரித்தாராம். நடைவலி குறைந்தது, இடது முழங்கால் தேறியது. வலது முழங்காலின் இரவு வலி குறையவில்லை. தெருவில் மூட்டு மாற்று செய்துகொண்ட ஒருவரைத் தாமே தேடிப் போய்ப் பார்த்தார். அவர் எப்படி உட்காருகிறார், எப்படி எழுகிறார் என்று அரை நாள் கூடவே இருந்து பார்த்துவிட்டு வந்தார். மகன் தச்சரிடம் சொல்லி உயரமான பலகையும் அதற்கேற்ற மேசையும் செய்து கோயில் வாசலில் போட்டார். அங்கே உட்கார்ந்து இரண்டு வாரம் பூக்கட்டிப் பார்த்த பிறகே, வலது காலுக்கு மட்டும் சிகிச்சை செய்துகொள்ளச் சம்மதித்தார். ஒப்புதல் படிவத்தில் அவரே கையெழுத்திட்டார். ஃபைலில் சேர்த்திருந்த தாள்களில் எதையும் அவர் கேட்கவில்லை.

இந்த மாதம் முதல் புறநோயாளிகள் வரவேற்பு மேசையில் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாள் வைக்கப்படுகிறது. மேலே "சிகிச்சைக்குப் பிறகு நான் செய்ய விரும்புவது" என்று இருக்கும். கீழே நான்கு கோடுகள் காலியாக இருக்கும். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பு நிரப்பித் தர வேண்டுகிறோம். எழுத இயலாதவர்களுக்குச் சொல்லச் சொல்ல எழுதித் தருவதற்குச் செவிலியர் ஒருவர் காலை 8 மணி முதல் 11 மணி வரை அங்கே இருப்பார்.